பௌதிகத்துக்கு ஸேர் இல்லாத உலகத்தரம்

1

ஊரிலிருந்து வந்த ஓர் அழைப்பிதழ் என் வீட்டுக்கு மூன்று நாள் சந்தோஷத்தையும் மூன்று மாதக் கோபத்தையும் கொண்டுவந்தது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. ஆகவே இப்படியே எழுதுகிறேன்.

நான் லெஸ்டர் நகரத்துக்கு வந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. இங்கே ஓர் அரசாங்கப் பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளராக வேலை செய்கிறேன். எந்த வகுப்புக்கு எந்தப் பரிசோதனை என்று பார்த்துச் சாமான்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக் கொண்டுபோய் வைப்பேன். பாடம் முடிந்ததும் கழுவி, துடைத்து, எண்ணி அலுமாரியில் வைப்பேன். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

அழைப்பிதழில் என்னைச் 'சர்வதேச மட்டத்தில் சாதனை படைத்த பழைய மாணவி' என்று போட்டிருந்தார்கள். கற்பிட்டிக் குடாநாட்டில் நான் படித்த பாடசாலையில் ஒரு புதிய 'உலகளாவிய கற்றல் கூடம்' திறக்கப் போகிறார்களாம். பெரிய தொடுதிரை, குளிரூட்டி, சுழலும் கதிரைகள். 'உலகப் பொருளாதாரத்துக்குத் தயாராகும் நாளைய தலைமுறை' என்ற தலைப்பில் அந்தத் திரையில் தோன்றி நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அனுப்பியவர் பாடசாலை அதிபர் ஜவ்பர். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். பாடசாலையின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பெயரை எழுதினால் அது ஒரு பாடசாலையின் குறை என்று நினைத்து மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

முதல் மூன்று நாளும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் யாரும் என்னைப் பேசக் கூப்பிட்டதில்லை.

2

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, தொண்ணூறாம் ஆண்டு, வடக்கிலிருந்த மற்ற முஸ்லிம்களைப் போலவே மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்தோம். காலையில் ஊர்ப் பிள்ளைகள் இருந்து படித்துவிட்டுப் போன மர வாங்குகளில் பின்னேரம் நாங்கள் படித்தோம். வெயிலும் பசியும் சேர்ந்து கண்ணைச் சொருகும். ஆனால் விஞ்ஞானப் பாடம் எனக்குப் பிடிக்கும். காரணம், படம் கீறலாம். பன்சன் சுடரடுப்பு, கண்ணாடிக் குழாயி, அளவி, முகவை என்று ஆய்வுகூடச் சாமான்கள் எல்லாவற்றையும் பென்சிலைச் சீவிச் சீவி அச்சுப் போலக் கீறுவேன். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. கையால் தொட்டதுமில்லை.

சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நல்ல பெறுபேறு வந்தது. அதற்கு மேல் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு இல்லை. அப்போதிருந்த அதிபர் என் வாப்பாவிடம், "பொம்புளப் புள்ள தானே காக்கா, கலை படிக்கட்டும்" என்றார். வாப்பா தலையாட்டினார். நான் கலை படித்தேன். தமிழ், புவியியல், இஸ்லாமிய நாகரிகம். அந்தப் பாடங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவற்றை நான் தெரிவு செய்யவில்லை என்பதுதான் வருத்தம்.

கலியாணம் முடித்து இங்கே வந்து நாலு வருடம் ஒரு ஹோட்டலில் கட்டில் விரித்தேன். மகள் ஹனா பாலர் வகுப்புக்குப் போனதும், மாலை நேரக் கல்லூரியில் விஞ்ஞானம் படிக்க விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் ஒரு பெண், "செய்முறைப் பரிசோதனைகள் செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். நான் ஆங்கிலத்தில் வலு நம்பிக்கையோடு, "ஓம், எல்லாவற்றையும் கீறியிருக்கிறேன்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நான் ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து இரண்டு மூன்று தரம் திருத்திக் கொடுத்தாள். நான் பிழையாகச் சொல்லவில்லை.

பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் முப்பத்திரண்டு வயதில் உட்கார்ந்து படித்தேன். முதல் நாள் குழாயியைக் கையில் எடுத்தபோது அது இவ்வளவு பாரமில்லாததா என்று நினைத்தேன். யாரும் பார்க்காமல் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தேன்.

3

விழாவுக்கு முதல் நாள் எனக்கு மூத்தவ, என் ராத்தாவின் மகள் ரிஸ்னா வட்சப்பில் வந்தாள். ராத்தா எத்தாளையில் இருக்கிறா. வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறா. மச்சான் சவூதியில் லொறி ஓட்டுகிறார். ரிஸ்னாவுக்குப் பதினேழு வயது. சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்தவள். எஞ்சினியர் ஆக வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள்.

"சாச்சி, நாளைக்கு என்ன கதைக்கப் போறீங்க?"

"உங்கள மாதிரிப் பிள்ளைகள் உலகத்தோட போட்டி போடணும் எண்டு" என்றேன். பேச்சில் அந்த வசனம் உண்மையாகவே இருந்தது.

 "எங்களுக்கு ஸேர் இல்ல, சாச்சி" என்றாள்.

பக்கத்தில் இருந்த ஹனா நிமிர்ந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. தமிழ் பாதி விளங்கும். ரிஸ்னா சொன்ன 'ஸேர்' ஆசிரியர்; ஹனாவின் காதில் அது ஆங்கிலத்து 'செயர்' ஆக, கதிரையாக விழுந்துவிட்டது. "இருக்கிறதுக்குக் கதிரை இல்லையா உம்மா? நிலத்திலயா இருக்காங்க?" என்று பதறிப்போய்க் கேட்டாள். ரிஸ்னா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகுதான் அவள் சொன்னது எனக்குள் இறங்கியது.

பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லாமல் இரண்டு வருடமாம். இரசாயனவியலுக்கு அதைவிடக் கூட. இணைந்த கணிதத்துக்கு எப்போதுமே இருந்ததில்லை. பட்டணத்துப் பாடசாலையில் இடம் கேட்டார்கள், நிரம்பிவிட்டது என்றார்கள். பாடசாலையில் இப்போது இருப்பது கலைப் பிரிவும், புதிதாகத் தொடங்கிய உபசரணைப் பிரிவும். வீட்டில் சும்மா இருக்கக் கூடாது என்று ரிஸ்னா உபசரணையில் சேர்ந்திருக்கிறாள்.

"என்ன படிப்பிக்கிறாங்க?"

"மேச விரிக்கிறது. துணி மடிக்கிறது. வெள்ளக்காரர் வந்தா எப்பிடிச் சிரிக்கிறது எண்டு" என்றாள். "நாளைக்கு எங்களுக்கும் நிகழ்ச்சி இருக்கு, சாச்சி."

என்ன நிகழ்ச்சி என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

4

விழா அங்கே பகல் பன்னிரண்டு மணிக்கு. எனக்குக் காலை ஏழரை. வேலைக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வருவதாக அனுமதி எடுத்திருந்தேன். நல்ல அபாயா உடுத்து, குசினி மேசையில் கணினியை வைத்து உட்கார்ந்தேன்.

குர்ஆன் கிராஅத் ஓதினார்கள். வாத்தியக் குழு வாசித்தது. கோட் போட்ட அதிகாரி ஒருவர் எழும்பினார். 'குளோபல்' என்ற சொல்லை அவர் எத்தனை தரம் சொன்னார் என்று எண்ணத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டேன். உலகச் சந்தை எங்கள் பிள்ளைகளுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உலகப் பொருளாதாரம் எங்கள் கரைக்குப் புதிதா? எங்கள் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குவைத்திலும் சவூதியிலும் அந்தப் பொருளாதாரத்தின் சட்டி பானை கழுவுகிறார்கள். எங்கள் களப்பு இறால் பெட்டிகளில் ஏறிப் பெயர் தெரியாத நாடுகளுக்குப் போகிறது. காற்றுக் காலத்தில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கி விளையாட வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி எங்கள் கரைக்கு வருகிறார்கள். உலகம் எங்களிடம் வந்து கனகாலம். பௌதிக ஆசிரியர்தான் வரவில்லை.

பிறகு அறிவிப்பாளர், "அடுத்ததாக, உபசரணைப் பிரிவு மாணவிகளின் செய்முறை விளக்கம்" என்றார்.

பத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வெள்ளைச் சீருடைக்கு மேல் கறுப்பு ஏப்ரன், கையில் வெள்ளைக் கையுறை, தட்டில் பெட்டிஸும் தோடம்பழச் சாறும். மூன்றாவது ஆள் ரிஸ்னா. அதிகாரிக்கு முன்னால் குனிந்து, "ப்ளீஸ், ஸேர்" என்றாள். அவர் கையைக்கூடப் பார்க்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரோடு கதைத்தார். கணிதத்துக்கு ஏ எடுத்த பிள்ளை. தட்டு ஆடாமல் இருக்க வேண்டுமே என்ற பயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தட்டுத் தூக்குவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. நாலு வருடம் கட்டில் விரித்தவள் அப்படிச் சொல்ல மாட்டேன். விரும்பிப் படிக்கிற பிள்ளைக்கு அது நல்ல தொழில். ஆனால் ஒரு பிள்ளையின் முன்னால் ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, 'நீயாகத்தான் இதால் போனாய்' என்று கைதட்டுவது கேவலம்.

என் பெயரைச் சொன்னார்கள். எழுதி வைத்த கடதாசியைத் தள்ளி வைத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு அஞ்சு நிமிஷம் தேவையில்ல. ஒரு கேள்விதான். தட்டோட நிக்கிற மூணாவது பிள்ள ரிஸ்னா, கணிதத்துக்கு ஏ எடுத்தவ. அவவுக்குப் பௌதிகம் படிப்பிக்க எப்ப ஆள் வரும்? விஞ்ஞான ஆய்வுகூடம் உங்களுக்குப் பக்கத்துக் கட்டிடம்தான். கமராவ அந்தப் பக்கம் ஒருக்காத் திருப்புங்க. நாங்க எல்லாரும் பாப்பம்."

ஒருவரும் கமராவைத் திருப்பவில்லை. அதிகாரியின் கையில் பெட்டிஸ் பாதியில் நின்றது. ரிஸ்னா நிலத்தைப் பார்த்தாள். பிறகு திரை அப்படியே உறைந்து, கறுத்துப் போனது. சிக்னல் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். போயிருக்கலாம்.

5

அன்று பின்னேரம் ராத்தா ஃபோன் எடுத்தா. எனக்கு நன்றி சொல்லப் போகிறா என்று நினைத்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

"உனக்கென்னடி? நீ கதைச்சிட்டு டீவி மாதிரி நூந்து போயிட்டாய். இவ நாளைக்கும் அந்த வாசலாலதான் உள்ளுக்குப் போகணும். எல்லாருக்கும் முன்னால பேரச் சொல்லிட்டாய். வந்த நேரந்தொட்டு அழுதுட்டு இருக்கா."

"ராத்தா, நான் அவவுக்காகத்தானே..."

"அவவுக்காகக் கதைச்சிருந்தா முதல்ல அவவுட்டக் கேட்டிருப்பாய்."

வைத்துவிட்டா. அதற்குப் பிறகு இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. ராத்தா சொன்னது சரி. புலம்பெயர்ந்தவர்களின் கோபத்துக்கு வாடகை கட்டுகிறவர்கள் ஊரில் இருக்கிறவர்கள். அன்றைக்கு அதை நான் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஜவ்பர் எடுத்தார்.

"நஸீமா, நல்ல வேல பாத்தாய்."

"ஏசுறதுக்கா எடுத்தாய்?"

"ஏசல்ல. நான் கேக்க ஏலாததக் கேட்டாய். ஆனா கேள். ஆசிரியர் கேட்டு நான் எழுதின கடிதம் ஒரு ஃபைல் நிறைய இருக்கு. ஒருத்தர் வந்தார், ஆறு கிழமையில மாற்றம் எடுத்துட்டுப் போயிட்டார். மத்தவர் வரவேயில்ல. இந்தத் திரைய நான் கேக்கல்ல. அவங்களாத் தந்த. வேணாம் எண்டா அடுத்தமுற இருக்க ஒரு வாங்கும் தர மாட்டாங்க. இப்ப அது பூட்டித்தான் இருக்கு, தூசி பட்டிரும் எண்டு."

"அப்ப என்ன செய்யச் சொல்றாய்?"

"நான் கேட்டா அது அதிபர்ட குறை சொல்ற பழக்கம். நீ கேட்டா வெளிநாட்டுக்காரிட பெரும. பெத்தவங்க கேக்கணும். கணிதப் பிரிவு வேணும் எண்டு பத்துப் பிள்ளைகளுக்காவது கையெழுத்து வந்தா, வகுப்புத் தொடங்கச் சொல்லி நான் அனுப்புவன். அதுக்குப் பிறகு அவங்களால தட்டுறது கஷ்டம்."

அவர் குரலில் களைப்பு இருந்தது. அவரும் என்னைப் போலவே பென்சிலால் கீறிப் படித்தவர்தான். அவரைத் திட்டுவதற்கு வைத்திருந்த சொற்களை விழுங்கினேன்.

அதே கிழமை ஹனாவின் பாடசாலையிலிருந்து பாடத் தெரிவுப் படிவம் வந்தது. அடுத்த வருடம் எந்தெந்தப் பாடங்களை ஆழமாகப் படிக்கப் போகிறாள் என்று அடையாளமிட வேண்டும். விஞ்ஞானப் பகுதியில் ஆகக் குறைந்ததைப் போட்டிருந்தாள். மூன்று ஆய்வுகூடம், ஐந்து விஞ்ஞான ஆசிரியர்கள் இருக்கிற பாடசாலை. "பௌதிகம் போரிங், உம்மா" என்றாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, கத்தத் தொடங்கினேன். ரிஸ்னாவின் தட்டைப் பற்றி, வள்ளத்தைப் பற்றி, பென்சிலைப் பற்றி.

முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய அரைகுறைத் தமிழில், "உங்கட கோவம் அவங்களோட. என்னோட இல்ல. எனக்குச் சரித்திரம் விருப்பம்" என்றாள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். தெரிவு வேண்டும் என்று உலகத்திடமே கேட்டுவிட்டு, சொந்த மகளுக்கு அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.  ஒருத்திக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை, இன்னொருத்திக்கு வேண்டும் என்று சொல்லவும் வழியில்லை. இருவரும் ஒரே உம்மும்மாவின் பேத்திகள்.

6

ராத்தாவை மாற்றியது நான் அல்ல. ஸ்டெல்லா அக்கா.

ஸ்டெல்லா அக்கா சிலாபப் பக்கத்திலிருந்து கலியாணம் முடித்து வந்த கத்தோலிக்கப் பெண். புருஷன் கடலுக்குப் போகிறவர். அவவின் மகள் மெர்லினும் அன்று தட்டுத் தூக்கியவர்களில் ஒருத்தி. ஒரு நாள் நேரே ராத்தா வீட்டுக்குப் போயிருக்கிறா. "கேட்டது சரிதானே? அதுக்கு வெக்கப்பட வேண்டியது நம்ம பிள்ளைகளா?" என்று கேட்டாவாம்.  அடுத்த நாள் இருவரும் கையெழுத்து வாங்க வீடு வீடாக இறங்கினார்கள்.

ஒரு வீட்டில், "எஞ்சினியராகி வெங்காயத்துக்குத் தண்ணி பாய்ச்சவா?" என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் மகனுக்குக் கட்டார் விசா வரப் போகிறது, படிப்பு எதற்கு என்றார்கள். இருந்தும் பதினொரு கையெழுத்து சேர்ந்தது. ஒன்பது பெண்பிள்ளைகள், இரண்டு ஆண்பிள்ளைகள்.

ஜவ்பர் கல்விக் காரியாலயத்துக்கு அனுப்பினார். பழைய படிவம் என்று திரும்பி வந்தது. புதிய படிவத்தில் அனுப்பினார். பொறுப்பான அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். கூட்டம் மூன்று கிழமை நடந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை, ராத்தாவும் ஸ்டெல்லா அக்காவும் இன்னும் ஏழு தாய்மாரும் காலை பஸ்ஸில் ஏறி, பாலாவிச் சந்தியில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து அந்தக் காரியாலயத்துக்குப் போனார்கள்.

ஒன்பது மணிக்கு உள்ளே போய் வாங்கில் இருந்தார்கள். பத்தரைக்கு ஒரு லிகிதர் வந்து சிங்களத்தில், அடுத்த கிழமை வாருங்கள் என்றார். ஸ்டெல்லா அக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதே பாஷையில், "மிஸ், நாங்க இண்டைக்குத் தோட்டத்துக்கும் போகல்ல, மீன் வாடிக்கும் போகல்ல. இனி எங்களுக்கு வேற வேல இல்ல. ஆறுதலா வரட்டும்" என்றாவாம். பன்னிரண்டுக்கு இன்னொருவர் வந்து, எல்லோரும் நிற்கத் தேவையில்லை, ஒருவர் மட்டும் இருந்தால் போதும் என்றார். ஒருவரும் போகவில்லை. லுஹருக்கு முறை வைத்துப் போய்த் தொழுதுவிட்டு வந்து மறுபடியும் இருந்தார்கள். இரண்டே முக்காலுக்குக் கூட்டம் முடிந்துவிட்டது. அதிகாரி கதவைத் திறந்தார்.

அன்று ராத்தா தானாகவே எனக்கு எடுத்தா. இரண்டு மாதத்தில் முதல் தடவை சிரித்துக் கதைத்தா.

"நீங்க என்ன சொன்னீங்க ராத்தா?"

"நான் ஒண்டும் சொல்லல்ல. எனக்கென்ன பேசத் தெரியுமா? ஸ்டெல்லாதான் கதைச்ச. நான் இருந்தன். எழும்பச் சொன்னாங்க. எழும்பல்ல."

 ராத்தா எட்டாம் வகுப்போடு நின்றவ. வள்ளத்தில் வந்த வருடம் அவவுக்குப் பதின்மூன்று. தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நிறுத்தினார்கள். அந்த வீட்டிலிருந்து படிக்கப் போனது நான்.

7

நான் வேலை செய்கிற பாடசாலையில் போன மாரியில் பௌதிக ஆசிரியைக்கு முதுகு வருத்தம் வந்தது. அடுத்த நாள் காலை எட்டேகாலுக்குப் பதில் ஆசிரியர் வந்து நின்றார். அவருக்குப் பாடம் வடிவாகத் தெரியவில்லை என்று பெற்றோர் முறைப்பாடு அனுப்பினார்கள். பாடசாலை மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியது. இதற்காக ஒரு தாயும் கூலியை விட்டுவிட்டு வாங்கில் ஆறு மணித்தியாலம் இருக்கவில்லை. இந்த நாடு சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இங்கேயும் ஏழைப் பிள்ளைகளின் பாடசாலை எது என்று கூரையைப் பார்த்தே சொல்லலாம். ஆனால் ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு 'உலகத்தரம்' என்று பெயர்ப் பலகை அடிக்கிற துணிச்சலை நான் இங்கே காணவில்லை.

கல்வியைச் சீர்திருத்தப் போகிறவர்களிடம் எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. திரையைப் பிறகு தாருங்கள். குளிரூட்டியும் வேண்டாம், எங்கள் கரையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. முதலில் ஆளைத் தாருங்கள். தமிழில் பௌதிகம் படிப்பிக்கக்கூடிய, ஆறு கிழமையில் ஓடிப்போகாத ஓர் ஆளை. எங்கள் பிள்ளைகள் எந்த வேலைக்குப் பொருத்தம் என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். அவர்களே எடுப்பார்கள்.

அனுமதி வந்து, இப்போது வகுப்பு நடக்கிறது. பதினொரு பேரில் எட்டுப் பேர் மிஞ்சியிருக்கிறார்கள். இணைந்த கணிதத்துக்குப் பட்டணத்திலிருந்து ஒருவர் இரண்டு பின்னேரம் வருகிறார். பௌதிகத்துக்குக் கிழமையில் மூன்று நாள் ஒரு புதிய பட்டதாரி. ஆய்வுகூடத்தைத் திறந்து, அங்கே குவித்திருந்த உடைந்த வாங்குகளை வெளியே எடுத்திருக்கிறார்கள். ரிஸ்னாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சாச்சி" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. ஆனால் அடுத்தமுறை தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். அவள் அனுமதி தந்த பிறகுதான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். ரிஸ்னா அவளுடைய உண்மைப் பெயர் அல்ல.

போன வியாழக்கிழமை நான் முகவைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசியில் அவள் குரல் பதிவு ஒன்று வந்தது. ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கேட்டேன். மூச்சு வாங்க, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"சாச்சி, இண்டைக்கு ஸேர் கரும்பலகையில ஒரு கணக்கப் பிழையாச் செஞ்சிட்டார். நான் எழும்பிச் சொன்னன். அவர் பாத்திட்டு, ஓம் பிழைதான் எண்டு அழிச்சிட்டுத் திருப்பிச் செஞ்சார்."

இரண்டு வருடம் அந்தக் கரும்பலகையில் பிழை விடுவதற்குக்கூட ஆள் இருக்கவில்லை. இப்போது ஒருவர் இருக்கிறார். இரசாயனவியலுக்கு இன்னும் அப்படி ஓர் ஆளும் இல்லை.